கொல்லைப்புறத்தில் ஆமைக்கு ஒரு தொட்டி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்ண மீன் கடைகளில் உள்ளங்கையில் அடங்கும் பச்சை ஆமைக்குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு ஓடும். செங்காது ஆமை என்பார்கள். குட்டியோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணமும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரமும், காய்ந்த இறால் டப்பாவும் சேர்த்துக் கொடுப்பார்கள். "இதுக்கு மேல வளராது சார்" என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள்கூட வாழும். கிண்ணத்திலேயே வைத்திருந்தால் ஓடு மெத்தென்று ஆகி, கண் வீங்கி, பெரிதாவதற்கு முன்பே போய்விடும்.

ஆமையைப் பற்றி ஆரம்பிக்கும்போதே வீட்டையும் பற்றி யோசிக்க வேண்டியது இதனால்தான். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் கண்ணாடித் தொட்டி, புற ஊதா விளக்கு, ஹீட்டர் என்று காசைக் கொட்டி உண்டாக்கும் சூழல் நம் கொல்லைப்புறத்தில் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. அதனால் வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைப்பதைவிட, கொல்லையில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டுவதுதான் நமக்குச் சரி என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் நடுவில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

எந்த ஆமையை வளர்க்கலாம்?

சித்திரை, வைகாசியில் வாய்க்கால் தூர்வாரும்போதும், வயலில் உழவு ஓட்டும்போதும் ஈர மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பாலாமை வெளியே வரும். வெயில் காலத்தைக் கடத்த அது சேற்றுக்குள் போய் அடங்கிக் கிடக்கும். பிள்ளைகள் அதை வாளியில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். வளர்க்கலாமா என்று கேட்டால், கூடாது. பாலாமையும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரோ ஈரச் சேறோ உள்ள நிழலான குளக்கரையில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆகவே வீட்டில் வளர்ப்பதற்கு மிஞ்சுவது பெரும்பாலும் இந்தச் செங்காது ஆமைதான். இது அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. வெளிநாட்டு உயிரினங்கள் பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் வாங்குவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

குட்டி வாங்குவதைவிட, வளர்த்து முடியாமல் தவிக்கிறவரிடமிருந்து பெரிய ஆமையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஊருக்குள் விசாரித்தால், குட்டியாக வாங்கி இப்போது அன்னக்கூடையில் போட்டு வைத்திருக்கும் வீடு ஒன்றாவது அகப்படும். குட்டி நோய்க்கு எளிதில் ஆளாகும். வளர்ந்தது அவ்வளவு சீக்கிரம் சாயாது. ஒன்றுக்கு மேல் வேண்டாம். தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று நினைப்பது நம் மனசுதான். ஆமைக்குத் துணை தேவையில்லை. ஒரே தொட்டியில் இரண்டு இருந்தால் கடித்துக்கொள்ளும், தீனிக்கும் வெயில் காயும் இடத்துக்கும் சண்டை போடும்.

வீட்டுப் பெரியவர்கள் "ஆமை புகுந்த வீடு..." என்று ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள். ஆமை கொல்லையில்தான் இருக்கும், வீட்டுக்குள் வராது என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுடைய சம்மதம் முக்கியம், ஏனென்றால் நீங்கள் வெளியூர் போனால் தீனி போடப்போகிறவர்கள் அவர்கள்தான்.

தொட்டி கட்டுவது

ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. 10 அங்குலம் வளரப்போகும் ஆமைக்கு 400 லிட்டர். இன்றைக்கு ஆமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த அளவுக்கே கட்டிவிடுங்கள். இரண்டு தடவை செலவு செய்ய வேண்டியிருக்காது.

நம் பக்கம் சாலையோரங்களில் கிணற்று உறை, மாட்டுத் தொட்டி வார்த்து விற்கும் இடங்கள் நிறைய உண்டு. அங்கே 4 அடி விட்டமும் ஒரு அடி உயரமும் உள்ள உறை மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மண்ணுக்குள் இறக்கி, மற்ற இரண்டையும் மேலே அடுக்கி, இணைப்பைப் பூசி, அடியில் கான்கிரீட் போட்டுவிட்டால் தொட்டி தயார். உள்ளே ஒன்றரை அடி தண்ணீர் நிரப்பினால் ஏறத்தாழ 500 லிட்டர் பிடிக்கும். ஒரு அடி மண்ணுக்குள் இருப்பதால் கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடேறாது. தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடி சுவர் நிற்பதால் ஆமை ஏறித் தப்பிக்க முடியாது. ஆமை நன்றாக ஏறும், அதைக் குறைவாக எடைபோடாதீர்கள்.

கொத்தனார் வரும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். "அண்ணே, தரை ஒரு ஓரமாச் சாயணும், அந்த ஓரத்துல ரெண்டு அங்குல பிவிசி குழாய் வெச்சு வெளியே வால்வு குடுத்துடுங்க" என்பது முதலாவது. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 500 லிட்டரை வாளியால் இறைக்க வேண்டும், இரண்டு மாதத்தில் அலுத்துவிடும். இரண்டாவது, உள்பக்கம் வழவழப்பாகப் பூச வேண்டும். சொரசொரப்பான சிமென்ட் ஆமையின் அடி ஓட்டைத் தேய்த்துப் புண்ணாக்கும், அந்தப் புண்ணில் கிருமி ஏறும். மூன்றாவது, தண்ணீர் நிற்க வேண்டிய மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சுவரில் ஒரு வழிந்தோடும் குழாய், அதன் வாயில் கம்பி வலை. இந்தக் குழாயின் அருமை ஐப்பசியில்தான் தெரியும்.

வால்வு வழியாக வெளியேறும் தண்ணீரை வாழைக்கோ தென்னைக்கோ விடுங்கள், நல்ல உரம். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். காரணம் கடைசியில் வருகிறது.

இனிப் பொறுமை வேண்டிய கட்டம். புதுச் சிமென்டிலிருந்து தண்ணீரில் சுண்ணாம்பு இறங்கும், காரத்தன்மை ஏறும், ஆமையின் கண்ணும் தோலும் வெந்துபோகும். தொட்டியை நிரப்பி, நாலைந்து நாளைக்கு ஒருமுறை வடித்துவிட்டு மறுபடி நிரப்பி, இப்படி மூன்று வாரமாவது செய்ய வேண்டும். மீன் தொட்டி கட்டுகிறவர்கள் வாழைத்தண்டைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவிட்டுப் பிறகு கழுவுவார்கள். அதையும் செய்யலாம். எதைச் செய்தாலும் கடைசியில், தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளை வண்ண மீன் கடையில் வாங்கி நனைத்துப் பாருங்கள். 8.5க்குக் கீழே வந்தால்தான் ஆமையை விடலாம்.

வெயில் காயும் மேடை

ஆமை வளர்ப்பில் புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஆமைக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ, முழுக்க உலர்ந்த ஓர் இடமும் அவ்வளவு முக்கியம். தண்ணீரில் பாதி மூழ்கிய கல் போதாது. ஓடு, அடிப்பாகம், கால் எல்லாம் காய வேண்டும். காயாத ஓட்டில் பூஞ்சை பிடிக்கும், அழுகல் வரும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி உண்டாக உதவுகிறது. அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும்.

நாலு செங்கல் கால் கட்டி, அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஒரு அடி கடப்பாக் கல் ஒன்றை வைத்துவிடலாம். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே இருந்தால் போதும். கல்லிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது. சரிவுப் பலகையில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் நகம் நன்றாகப் பிடிக்கும்.

மேடையைத் தொட்டியின் மேற்கு ஓரத்தில் வையுங்கள். தொட்டிக்குச் சுவர் உயரம் என்பதால் காலை வெயில் கிழக்குச் சுவரைத் தாண்டி முதலில் விழுவது மேற்குப் பக்கத்தில்தான். ஆமைக்குத் தேவையானது அந்த இளவெயில். இரவெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது, வெயில் விழுந்ததும் மெல்ல மேலே ஏறி, கழுத்தை முழுக்க நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி விரல்களை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். இப்படிக் கிடந்தால் மேடை அதற்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஏறாமலேயே இருந்தால் சரிவு வழுக்குகிறது, அல்லது ஆள் நடமாட்டம் அதிகமான இடத்தில் தொட்டி இருக்கிறது. மேடைக்கு நேராக நாய் கட்டும் இடம் இருந்தாலும் ஏறாது.

பெண் ஆமையாக இருந்தால் இன்னொரு ஏற்பாடும் வேண்டும். ஆண் துணை இல்லாமலேயே வளர்ந்த பெண் முட்டை வைக்கும். வைக்க இடம் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். தொட்டியை ஒட்டி 3 அடி சதுரத்தில் சின்னச் சுவர் எடுத்து, ஒரு அடி ஆழத்துக்கு மணலும் வண்டல் மண்ணும் கலந்து கொட்டி, மேடையிலிருந்து அங்கே போக ஒரு பலகை வைத்துவிடுங்கள். ஆணா பெண்ணா என்பதைக் குட்டியில் சொல்ல முடியாது. வளர்ந்த பிறகு ஆணுக்கு முன்னங்கால் நகம் நீண்டிருக்கும், வாலும் தடித்திருக்கும்.

தொட்டிக்கும் மண் திடலுக்கும் மேல் கம்பி வலைச் சட்டம் கட்டாயம். காகம், பருந்து, கீரி, பூனை எல்லாம் நம் கொல்லைக்கு வந்து போகிறவைதான். சின்ன ஆமையைக் காகமே தூக்கிவிடும்.

தண்ணீர்

ஆமை மீனைவிடப் பல மடங்கு அதிகமாக அசுத்தம் செய்யும். கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது கண்ணையும் தோலையும் எரிக்கும். வடிகட்டியில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

கடையில் விற்கும் சின்ன வடிகட்டிகள் இதற்குத் தாங்காது. 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி, அடியில் கூழாங்கல், மேலே ஸ்பாஞ்ச் என்று அடுக்கி, தொட்டிக்குள் போட்ட சின்ன மோட்டாரின் தண்ணீரை அதற்குள் ஏற்றி, வாளியின் மேல் ஓரத்துக் குழாய் வழியே திரும்பத் தொட்டியில் விழ வைத்தால் போதும். மணிக்கு 1000 லிட்டருக்கு மேல் இறைக்கும் மோட்டாராக வாங்குங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். பிளீச்சிங் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரில் அலசினால் சேர்ந்த பாக்டீரியா செத்துப்போகும். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். நகராட்சித் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் வாய் திறந்த அண்டாவில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் உப்பேறிய போர் தண்ணீரைத் தவிர்த்து மழைநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். தொட்டி அடியில் சரளை போடாதீர்கள். ஆமை அதை விழுங்கும், குடல் அடைக்கும். வெறும் தரையே நல்லது. அழகுக்கு வேண்டுமானால் அதன் தலையைவிடப் பெரிய கற்கள் இரண்டு மூன்று போடலாம்.

கோடை, மழை, பனி

தண்ணீர் 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் ஆமைக்குச் சுகம். ஒரு வெப்பமானி வாங்கிப் போட்டுவிடுங்கள். டெல்டாவில் குளிரைவிட வெயில்தான் கவலை. அக்னி நட்சத்திரத்தில் மூடாத தொட்டித் தண்ணீர் மதியத்தில் 32 டிகிரியைத் தாண்டினால் ஆமை தவிக்க ஆரம்பிக்கும். பங்குனியிலேயே தொட்டியின் முக்கால் பங்குக்குத் தென்னங்கீற்று போட்டு, மேடைக்கு மட்டும் காலை வெயில் விழும்படி விடுங்கள். ஆகாயத்தாமரை கொஞ்சம் மிதக்கவிட்டால் அடியில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஆமையும் அதைக் கடித்துத் தின்னும். அதை வாய்க்காலிலிருந்து எடுத்து நேராகப் போடக் கூடாது. குறுவை, சம்பா நேரத்தில் வயலுக்கு அடித்த மருந்து அந்தத் தண்ணீரில் இருக்கும். தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வளர்த்து, புதிதாகத் துளிர்த்ததை எடுத்துப் போடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் தொட்டி ஓரிரவில் நிரம்பிவிடலாம். வழிந்தோடும் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று புரட்டாசி முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மோட்டார் ஓடாது. தீனியை நிறுத்திவிடுங்கள், கழிவும் குறையும். நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த ஆமை ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. புயல் எச்சரிக்கை வந்தால் மூடியில் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத்துணி விரித்து ஆமையை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பெரியவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மார்கழி, தை இரவுகளில் தண்ணீர் குளிரும், ஆமை மந்தமாகும், தீனியைப் பாதியாக்கிவிடுங்கள். 4 அங்குலத்துக்குக் குறைவான குட்டியை மட்டும் அந்த இரண்டு மாதமும் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

கொல்லை இல்லாத வீட்டில்

தஞ்சாவூர், கும்பகோணத்தில் மாடி வீட்டில் இருந்தால் 3 அடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்துத் தொடங்கலாம். அதில் கிட்டத்தட்ட 190 லிட்டர்தான் பிடிக்கும். ஆமை 5 அங்குலம் தாண்டியதும் பெரியது தேடத்தான் வேண்டும். ஜன்னல் வழியாக வரும் வெயில் போதாது, கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். யுவிபி விளக்கு ஒன்று மேடைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் பகலெல்லாம் எரிய வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் அதன் கதிர் குறைந்துகொண்டே வரும், வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மொட்டை மாடியில் பெரிய தொட்டி வைப்பதாக இருந்தால் 500 லிட்டர் என்பது அரை டன் எடை. வீடு கட்டியவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

தீனி

சின்ன வயதில் புழு, மீன், இறால் மேல் ஆசை அதிகம். வளர வளர இலை தழைக்கு மாறும். ஆமைக்கான பெல்லட்டை அளவாகக் கொடுத்து, மீதியைப் பச்சையாகக் கொடுங்கள். நம் ஊரில் மாட்டுக்கு வளர்க்கும் அசோலா ஆமைக்கும் அருமையான உணவு. நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் வித்து கேட்டுப் பாருங்கள். ஒரு தொட்டியில் போட்டால் தானாகப் பெருகும். செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பரங்கிக்காயும் கேரட்டும் கொடுக்கலாம். பரங்கியும் கேரட்டும் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்குவதைத் தடுக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள். ஒரு துண்டை மிதக்கவிடுங்கள், வேண்டும்போது கொறித்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். சோறு, ரொட்டி, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். தண்ணீருக்குள் இருந்தால்தான் இந்த ஆமையால் விழுங்க முடியும். மேடையில் வைக்காதீர்கள்.

கொண்டுவந்த பிறகு

முதல் வாரம் சரியாகத் தின்னாது, ஆளைக் கண்டால் தண்ணீருக்குள் குதிக்கும். சும்மா விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது, மூக்கில் குமிழி விடுவது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. இவை நுரையீரல் நோயைக் காட்டும், தாமதிக்கக் கூடாது. ஓடு அழுத்தினால் உள்வாங்குவதும், கண் திறக்காததும் மருத்துவரிடம் காட்ட வேண்டியவையே. ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரித்து வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

கீரைப் பாத்திக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றதற்குக் காரணம் சால்மோனெல்லா. நன்றாக இருக்கும் ஆமையின் உடம்பிலும் இந்தக் கிருமி இருக்கும், நமக்கு வந்தால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகள் ஆமையை வாயில் வைத்து நோய் வாங்கிக்கொண்டதால், 1975இலேயே அமெரிக்கா 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வடிகட்டியையும் தட்டையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பார்க்கட்டும், தொட வேண்டாம்.

வளர்க்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். கோயில் குளத்திலோ ஆற்றிலோ விடுவது புண்ணியம் என்று நினைத்து ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. நம் படுகையில் அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு என்று ஆறுகளும் வாய்க்கால்களும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. ஓர் இடத்தில் விட்டது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பாலாமையும் நம் மற்ற ஆமைகளும் வெயில் காயும் கரையையும் இரையையும் அது பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தொட்டி உள்ள இன்னொருவரைத் தேடுங்கள், வண்ண மீன் வளர்ப்பவர்களிடம் சொல்லி வையுங்கள், வன அலுவலகத்தில் கேளுங்கள். ஆள் கிடைக்கும் வரை தொட்டி உங்கள் கொல்லையிலேயே இருக்கட்டும்.